யோபுவின் நடுப்பக்கங்களை யார் வாசிக்கிறார்கள்?

குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த யாருக்கும் யோபுவின் கதை தெரியும். வேதாகமத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் தெரியும். கன்வென்ஷன் பந்தல், உபவாசக் கூட்டம், ஆஸ்பத்திரி வார்டு, துட்டி வீடு என்று கஷ்டம் வந்த இடத்துக்கெல்லாம் யோபுவும் வந்துவிடுவார். சி.எஸ்.ஐ., ஆர்.சி., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று சபை மாறலாம். பிரசங்கத்தின் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. ஊத்ஸ் தேசத்தில் ஒரு நல்ல மனிதன். சாத்தான் கடவுளிடம் சவால் விட்டான். ஆடுமாடு போச்சு, பிள்ளைகள் போச்சு, உடம்பெல்லாம் புண். அப்பவும் மனிதன் முறுமுறுக்கவில்லை. கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. "அதனால பிரியமானவங்களே, நீங்களும் பொறுமையா இருங்க. இது சோதனை. சோதனைக்கு அப்புறம் ஆசீர்வாதம் இருக்கு."

யோபு புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. இந்தப் பிரசங்கம் தொடுவது முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தின் பின்பாதியையும்தான். அந்த இரண்டும் உரைநடை. இடையில் இருக்கும் ஏறத்தாழ நாற்பது அதிகாரமும் கவிதை. புத்தகத்தின் உடம்பே அதுதான். தலையையும் காலையும் வைத்துக்கொண்டு உடம்பை விட்டுவிடுகிறோம். அப்படிச் சொல்லப்படும் யோபு வேறொரு ஆள் என்பதுதான் இந்தக் குறிப்பின் வாதம். நடுப்பக்கங்கள் விடுபடும்போது துன்பத்தில் இருப்பவருக்கு என்ன நஷ்டம் என்பதை நம்ம மாவட்டத்துச் சரித்திரத்தை வைத்தே பார்க்க முடியும்.

1

முதலில் ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய பகுதியை விட்டும் கேட்பவர்களுக்கு ஏன் கதை முழுமையாகத் தெரிகிறது? காரணம், இந்த அச்சில் ஒரு கதை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அரிச்சந்திரன் கதை.

அங்கேயும் மேலே ஒரு சபை. வசிட்டர் ஒருவனைப் பாராட்டுகிறார், விசுவாமித்திரர் மறுக்கிறார், பந்தயம் போடுகிறார்கள். பந்தயம் நடப்பது கீழே இருக்கும் மனிதனுக்குத் தெரியாது. நாடு போகிறது, மனைவி விற்கப்படுகிறாள், பிள்ளை பாம்பு கடித்துச் சாகிறான், ராஜா சுடுகாடு காக்கிறான். ஆனாலும் வாய்மை தவறவில்லை. முடிவில் நாடு திரும்புகிறது, செத்த லோகிதாசன் உயிரோடு எழுகிறான். கூத்தாகவும் நாடகமாகவும் சினிமாவாகவும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கதை. பொறுத்தவனுக்குப் போனதெல்லாம் திரும்ப வரும் என்ற கணக்கு நம் மனதில் பதிந்திருக்கிறது. பிரசங்கியார் யோபு என்று ஆரம்பித்ததும் நாம் அரிச்சந்திரனைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இரண்டு கதைக்கும் முக்கியமான வித்தியாசங்கள் இரண்டு. ஒன்று, அரிச்சந்திரனின் பெருமை சொன்ன சொல்லில் நிற்பது. விதியை நொந்து அழுவான், ஆனால் மேலே இருப்பவர்களைக் கணக்குக் கேட்டு வழக்குக்கு இழுக்க மாட்டான். யோபு இழுக்கிறார். பக்கம் பக்கமாக இழுக்கிறார். இரண்டு, லோகிதாசன் எழுந்து வருகிறான். யோபுவின் பிள்ளைகள் வருவதில்லை.

இந்த இரண்டாவது விஷயத்தை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். முதல் அதிகாரத்தில் யோபுவுக்கு 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை. கடைசி அதிகாரத்தில் 14,000, 6,000, 1,000, 1,000. அச்சொட்டாக இரட்டிப்பு. பிள்ளைகள்? முதலில் ஏழு ஆண், மூன்று பெண். கடைசியிலும் ஏழு ஆண், மூன்று பெண். பிள்ளைகளை மட்டும் புத்தகம் இரட்டிக்கவில்லை. ஏன் என்று அது விளக்கவும் இல்லை. பழைய பத்துப் பேரும் மறுமையில் இருப்பதால் மொத்தம் இருபது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட எளிமையாகத் தோன்றுவது, ஆட்டுக்குப் பதில் ஆடு வரும், பிள்ளைக்குப் பதில் பிள்ளை வராது என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. "எல்லாம் ரெட்டிப்பா கிடைச்சுது" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, மகனைப் புதைத்த அம்மா ஒருத்தி பந்தலில் உட்கார்ந்திருந்தால் அவள் மனதில் என்ன ஓடும்?

2

நடுப்பக்கங்களில் என்னதான் இருக்கிறது?

மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய் திறக்கிறார். திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அன்றைக்கு விடியாமலே போயிருக்கக் கூடாதா, பிறந்ததும் செத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார். முறுமுறுக்காத யோபு இரண்டாம் அதிகாரத்தோடு முடிந்துபோகிறார். அதன்பிறகு எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் மாறி மாறிப் பேச, யோபு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறார். கடைசியில் எலிகூ என்று ஒரு இளவட்டமும் சேர்ந்துகொள்கிறான். நண்பர்களின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கடவுள் நீதியுள்ளவர், உனக்கு இது வந்திருக்கிறது, அப்படியானால் உன் பக்கம் ஏதோ இருக்கிறது, ஒத்துக்கொள், சரியாகும். யோபுவின் பதிலும் சுருக்கமானது: என் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை, உங்களோடு எனக்குப் பேச்சில்லை, எனக்குக் கடவுளோடுதான் பேசணும்.

அவர் பேசும் மொழி ஜெபக் கூட்டத்து மொழியைவிட கோர்ட்டு மொழிக்கு நெருக்கமானது. ஒன்பதாம் அதிகாரத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே நின்று தீர்த்துவைக்க மத்தியஸ்தன் இல்லையே என்கிறார். பதினாறில் தனக்குப் பரலோகத்தில் ஒரு சாட்சி உண்டு என்கிறார். முப்பத்தொன்றில் தன் வாழ்க்கையின் கணக்கைத் தலைப்பு தலைப்பாக அடுக்கி, கீழே கையொப்பமே போட்டுவிட்டு, எதிர்த்தரப்பு தன் குற்றச்சாட்டை எழுத்தில் தரட்டும் என்கிறார். மனு எழுதிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற யாருக்கும் இந்தத் தொனி புரியும்.

இதில் ஒரு வசனம் தனியாகப் பார்க்க வேண்டியது, 13:15. நம் பக்கம் மிகப் பிரபலமானது. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். கடவுள் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன் என்ற அர்த்தத்தில் பழைய தமிழ் வேதாகமம் அதைத் தருகிறது. எபிரெய மூலத்தில் இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. 'லோ' என்று ஒலிக்கும் ஒரு சொல், எழுதியிருக்கும் எழுத்துப்படி 'இல்லை' என்று பொருள் தரும். வாசிக்கும்போது இப்படி வாசிக்கணும் என்று யூத மரபு ஓரத்தில் குறித்திருக்கும் எழுத்துப்படி 'அவருக்கு' என்று பொருள் தரும். முதலாவதை எடுத்தால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று வாக்கியம் போகும். இரண்டாவதை எடுத்தால் அவருக்காகக் காத்திருப்பேன், அவரை நம்புவேன் என்று போகும். இரண்டையும் அறிஞர்கள் ஏற்கிறார்கள். மொழிபெயர்ப்புகளும் அதற்கேற்பப் பிரிகின்றன. எது சரி என்பதில் எனக்கு அவசரம் இல்லை. நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் நடுவே ஒரே ஒலி இருந்து, அதை இரண்டு விதமாகவும் எழுத இடம் கொடுத்த ஒரு மரபை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் சட்டத்தில் மாட்டியிருப்பது அந்த வசனத்தின் முன்பாதி மட்டும். பின்பாதியில் யோபு, ஆனாலும் என் வழிகளை அவர் முகத்துக்கு முன்னாலேயே வாதாடி நிலைநாட்டுவேன் என்கிறார். எபிரெயத்தில் எந்த வாசிப்பை எடுத்தாலும் பின்பாதி மாறுவதில்லை. நம்புகிறேன் என்றாலும் வாதாடுவேன், நம்பிக்கை இல்லை என்றாலும் வாதாடுவேன். யோபுவின் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்தப் பின்பாதியைத்தான் காட்டுவேன்.

3

பிரசங்கத்தில் இருக்கும் இன்னொரு சறுக்கலைப் பொதுவாக யாரும் சொல்வதில்லை. "இது சோதனை" என்ற செய்தி யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை.

மேலே நடந்த பேச்சு, சாத்தானின் சவால், அதற்குக் கிடைத்த அனுமதி எல்லாம் வாசகருக்கு மட்டும் தெரியும். யோபுவுக்குத் தெரியாது. 38ஆம் அதிகாரத்தில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசும்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூமியின் அஸ்திபாரம், நட்சத்திரங்கள், காட்டுக் கழுதை, தீக்கோழி, முதலை என்று பேசுகிறார். ஏன் உனக்கு இது நடந்தது என்று சொல்லவில்லை. நீ பாவம் செய்தாய் என்றும் சொல்லவில்லை. நான் உன்னைச் சோதித்தேன் என்றும் சொல்லவில்லை.

அப்படியிருக்க, கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம் போய் "இது கர்த்தர் வைக்கிற சோதனை" என்று சொல்பவர் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்? கதைசொல்லியின் நாற்காலியில். முதல் அதிகாரத்தை எழுதியவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் தனக்கும் தெரிந்ததுபோல் பேசுகிறார். புத்தகத்துக்குள் அப்படித் தெரிந்தவர்கள்போல் பேசிய மனிதர்கள் யார் என்று தேடினால் எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும்தான் கிடைக்கிறார்கள். அவர்களைப் பற்றிய தீர்ப்பு 42:7இல் இருக்கிறது. என் தாசனாகிய யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் அவர்களிடம் கோபப்படுகிறார். பிறந்த நாளைச் சபித்தவர், வழக்குப் போட்டவர், சாட்சி கேட்டவர் சரியாகப் பேசினவர். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் தப்பாகப் பேசினவர்கள். பிரசங்கம் எடுக்கும் அந்தக் கடைசி அதிகாரத்திலேயே இந்தத் தீர்ப்பு இருக்கிறது. அதற்கு மூன்று வசனம் தள்ளி இருக்கும் இரட்டிப்பு மட்டும் நினைவில் தங்குகிறது.

4

யோபுவின் கதை குமரி மண்ணில் ஒருவர் வாழ்க்கையையே திருப்பியிருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரத்தில் அரச சேவையில் இருந்தவர். அதே அரண்மனையோடு தொடர்புடைய இன்னொருவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிக்காகப் போரிட்டுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த அதிகாரி. நீலகண்டனுக்குக் குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம். கால்நடை சாகிறது, விளைச்சல் போகிறது. மனமொடிந்திருந்த அவருக்கு டிலனாய் சொன்னது யோபுவின் கதை என்று தேவசகாயம் வரலாறுகள் சொல்கின்றன. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பெயர் லாசர், தமிழில் தேவசகாயம்.

இதில் கதை சொன்னவரையும் கவனிக்க வேண்டும். டிலனாய் பந்தலில் நின்று பேசியவர் இல்லை. தோற்றுப்போன சண்டையில் கைதியாகி, ஜெயித்தவருக்கே வேலை பார்த்து, ஊர் திரும்பாமல் உதயகிரிக் கோட்டையிலேயே 1777இல் அடங்கினவர். மாடு செத்த மனிதனுக்கு ஒரு கைதி சொன்ன யோபு அது. அவர் எந்த அதிகாரங்களைச் சொன்னார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டவருக்கு அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தால், அவர் இரட்டிப்புக்காக வந்தவர் இல்லை என்பது தெளிவு.

1749இல் கைது. மூன்று ஆண்டு அடி, உதை, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாடு திரும்ப வரவில்லை, பதவி திரும்ப வரவில்லை, மனைவி ஞானப்பூ அம்மாள் வீட்டுக்கு அவர் திரும்ப வரவில்லை. அரிச்சந்திரன் அச்சில் இந்த வாழ்க்கையை ஊற்றவே முடியாது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டமும் கிடைத்தன. "பாருங்க, கடைசியில கிரீடம்" என்று அதையே இரட்டிப்புக் கணக்கில் சேர்த்துச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். 270 வருஷம் கழித்துக் கிடைத்ததை யோபுவின் ஆட்டுக்கணக்கோடு வைப்பது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தெரியவில்லை.

அவர் வரலாற்றைச் சொல்லும் நாடகங்களிலும் சிறு நூல்களிலும் இதே பழக்கம் தெரிகிறது. பட்டபாடு விரிவாக வரும். மிளகாய்ப்பொடி வரும், புலியூர்குறிச்சியில் முட்டால் இடித்த பாறையில் தண்ணீர் வந்தது வரும், மணி ஒலித்த பாறை வரும். அவர் என்ன பேசினார் என்பது சுருக்கமாக முடிந்துவிடும். மரண தண்டனைக்கான காரணம் பற்றி வரலாற்றாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் புனிதர் பட்டத்தையொட்டி வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு ஒரு விஷயத்தைத் தெளிவாகவே முன்வைக்கிறது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார், அது மேல்தட்டினரின் பகையைக் கிளப்பியது என்கிறது அது. தாங்கினதைக் கொண்டாடிவிட்டுப் பேசினதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலைப் பாருங்கள். சாதிக்கொரு பக்கமாக இரண்டு கால்போலப் பிரியும் கட்டடம், நடுவில் சுவர். அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பொறுமைக்கு உதாரணமாக தேவசகாயத்தை வைத்துக்கொண்டே அவர் சொன்னதற்கு நேர் எதிராகக் கோயில் கட்ட முடிந்திருக்கிறது.

5

பிராட்டஸ்டண்ட் பக்கம் பார்த்தாலும் இதேபோல் ஒரு நடுப்பக்கம் உண்டு. தோள்சீலைக் கலகம். 1820களில் ஆரம்பித்து 1858, 59 வரை இழுத்த சண்டை. மேலாடை போட்ட பெண்களின் துணி சந்தையில் கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்களும் ஜெபவீடுகளும் தீக்கிரையாயின. லண்டன் மிஷன் சபைகள் விசுவாசத்தில் நிலைத்து நின்ற கதையாக அதைச் சொல்வார்கள். நிலைத்து நின்றது உண்மை. எப்படி நின்றார்கள்? ஜெபித்தார்கள், கூடவே மனு எழுதினார்கள். திவானுக்குப் போனது, மகாராஜாவுக்குப் போனது, சென்னை கவர்னர் வரைக்கும் போனது. அடித்தவர் யார், நடந்த இடம் எது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிக்கை நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்று ஒரு வால் வைத்தது. பாதி வெற்றிதான். ஆனால் அந்தப் பாதியும் சும்மா பொறுத்திருந்து வந்ததில்லை.

அந்தப் பெண்களிடம் யாராவது போய் "இது சோதனை, முறுமுறுக்காதீங்க" என்று சொல்லியிருந்தால்? துணியைக் கிழித்தவனின் கை அந்த வாக்கியத்தில் காணாமல் போயிருக்கும். எலிப்பாஸ் செய்ததும் அதுதான். யோபுவின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனது சபேயர் என்றும் ஒட்டகத்தைக் கொள்ளையடித்தது கல்தேயர் என்றும் முதல் அதிகாரம் பெயர் சொல்லிச் சொல்கிறது. நண்பர்கள் பேச ஆரம்பித்ததும் கொள்ளைக்காரர்கள் மறைந்து யோபு மட்டும் குற்றவாளிக்கூண்டில் நிற்கிறார்.

6

மனிதன் செய்யாத துன்பமும் உண்டு. யோபுவின் பிள்ளைகளைக் கொன்றது காற்று. வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டின் நாலு மூலையையும் அடித்து இடித்தது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் உள்ள ஊர்களில் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று எதை எடுத்தாலும் ஆழ்கடலுக்கு நாள்கணக்கில் போகிற ஆட்கள். புயல் எச்சரிக்கை வருமுன்பே போனவர்கள் பலர். போன படகுகளில் எத்தனையோ திரும்பவில்லை. கடலில் காணாமல் போவது வேறொரு மரணம். அடக்கம் செய்ய உடம்பு இல்லை. கல்லறை வெட்ட முடியாது. ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டம். அதுவரை அவள் மனைவியா விதவையா என்று யார் சொல்வது?

அந்த நாட்களில் ஆறுதலாகச் சொல்லப்பட்டதில் பாதி பழைய யோபு பிரசங்கம்தான். ஆனால் கரையோர மக்கள் நடுப்பக்கத்தை நடத்திக் காட்டினார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார்களும் கூட இருந்தார்கள். கேட்டது ஒன்றுதான், எங்கள் ஆட்களைத் தேடுங்கள். ராத்திரி ஆகியும் எழும்பவில்லை. கோயிலில் முழங்கால் படியிட்ட அதே ஆட்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே விசுவாசம் குறைந்துபோய் இங்கே வந்ததாக அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. முப்பத்தொன்றாம் அதிகாரத்தில் கையொப்பம் போட்ட மனிதர் அந்தக் கூட்டத்தில் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்.

யோபுவில் கடற்கரையில் வாசிக்கவே கஷ்டமான ஒரு இடமும் உண்டு. 38ஆம் அதிகாரத்தில் கடவுள், கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டு, இதுவரை வா, இதற்குமேல் வராதே என்று எல்லை வைத்தது தான்தான் என்கிறார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கீழமணக்குடியிலும் கடல் அந்த எல்லையில் நிற்கவில்லை. மணக்குடிப் பாலமே போனது. அந்த வசனத்தை அங்கே எப்படி வாசிப்பது? எளிதான பதில் என்னிடம் இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்த வசனம் புத்தகத்தில் பேசப்படுவதும் காற்றில் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவரிடம்தான். பாதுகாப்பாக இருப்பவர்களுக்கான சங்கீதமாக அது வரவில்லை. எல்லை உடைந்ததைக் கண்ட மனிதரிடம் எல்லையைப் பற்றிப் பேசப்படுகிறது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு நேரம் அவர் கத்தியதற்குக் கடவுள் நேரில் வந்தார் என்பது மட்டும் அந்த இடத்தில் உறுதி. விளக்கம் வரவில்லை, ஆள் வந்தார். வாய்மூடிக் கிடந்திருந்தால் 38ஆம் அதிகாரமே இல்லை.

7

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "பிள்ளையைப் பறிகொடுத்து விழுந்து கிடக்கிறவகிட்ட போய் எபிரெயமும் கவிதையும் பேச முடியுமா? புடிச்சுக்க ஒரு வார்த்தை வேணும். இது சோதனை, முடியும்ங்கிறதுதான் அந்த வார்த்தை." புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபமே யோபுவின் பொறுமையைத்தானே உதாரணம் காட்டுகிறது என்றும் கேட்கலாம் (5:11). உண்மைதான். ஆனால் அங்கே வரும் கிரேக்கச் சொல் பாரத்தின் கீழே நின்று தாங்குவதைச் சொல்வது. வாய் பேசாமல் இருப்பதை அது குறிக்காது. யோபு தாங்கினார். பேசிக்கொண்டே தாங்கினார்.

பிடித்துக்கொள்ள வார்த்தை வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தை யோபுவிலேயே இருக்கிறது. அதை நண்பர்கள் வாயில் தேட வேண்டாம், யோபு வாயில் தேடலாம். நான் ஏன் பிறந்தேன் என்று கேட்பது வேதத்தில் எழுதியிருக்கிறது, அப்படிக் கேட்டவரைக் கடவுள் தள்ளவில்லை என்று சொன்னாலே போதும். படுக்கையில் கிடந்து கடவுளைத் திட்டிவிட்டு, திட்டிவிட்டோமே என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுகிற ஆட்கள் நம்ம சபைகளில் நிறையப் பேர். வியாதியைவிட அந்தப் பயம் அவர்களை அதிகம் அரிக்கிறது. சோதனையில் தோற்றுப்போனோம் என்ற நினைப்பு அது. தோற்கவில்லை என்று சொல்ல 39 அதிகாரம் இருக்கிறது, ஒருத்தரும் திறந்து காட்டுவதில்லை.

நண்பர்கள் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், வந்ததும் அவர்கள் தரையில் அவரோடு ஏழு நாள் ராத்திரி பகல் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ம ஊர் துட்டி வீட்டுக்கு இது புதுசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து சுவரோரம் உட்காருவாள், கட்டங்காப்பி கொடுப்பாள், பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள், சாயந்திரம் எழும்பிப் போவாள். என்ன காரணம் என்று விளக்கமாட்டாள். யோபுவின் நண்பர்கள் எட்டாம் நாள் பேச ஆரம்பித்ததில்தான் எல்லாம் கெட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் கேட்பது சின்ன விஷயம். போதகர்களும் சாமியார்களும் உபதேசியார்களும் அடுத்த தடவை யோபுவை எடுக்கும்போது, 42ஆம் அதிகாரத்துக்குப் போகுமுன் மூன்றாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். 26 வசனம்தான், ஐந்து நிமிஷம் ஆகாது. வாசித்துவிட்டு உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். பந்தலில் யாராவது ஒருத்தர் தலை நிமிர்ந்து பார்ப்பார். அவருக்காகத்தான் அந்த அதிகாரம் எழுதப்பட்டது.